கேட்கப் போன டாக்டர்

"டாக்டரம்மா, ஓடைவளவுக்கு இனி நான் போகல. வேற யாரையாவது அனுப்புங்க" என்றார் டாக்டர் சற்குணம்.

டாக்டர் தயாபரி ஒரு குழந்தையின் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஏன் அண்ணன்?"

"சடச்சின்னு ஒரு பொண்ணு. வயித்துல ரெட்டைப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்கு வந்துரு, எல்லாம் இலவசம்னு எத்தனை தரம் சொன்னேன். வரல. நேத்து குடிசையிலயே செத்துப் போயிட்டா."

தயாபரியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஈரத்துணியைக் காலில் சுற்றி முடித்தது.

சற்குணம் மதுரையில் பேர்பெற்ற சர்ஜன். மனைவி இறந்தபின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஊழியம் கற்றுக்கொள்ளவேண்டும் என்று இந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு மலையேறி வந்தவர். தயாபரி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் சற்குணம் அவரைத்தான் குருவாக ஏற்றிருந்தார்.

தயாபரி நடந்துபோன ஊர்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வந்தார்கள். சற்குணம் போன ஓடைவளவு மலைக்குடியிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை.

"மாத்திரை கொடுத்தேன். கம்பளி கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் பால்பவுடர் கொடுத்தேன். வாங்கிக்கறாங்க. அவ்வளவுதான். என்கிட்ட என்ன குறை?"

"அங்க போனா தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"பாட்டில் கொண்டுபோறேன். அது ஓடைத் தண்ணியாச்சே."

தயாபரி தலையசைத்தார். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

*

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது.

மலைப்பாதை சரிந்தது. அடிவாரத்திலிருந்து வண்டி வரவில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தது. பிறகு சமையலறையில் அரிசியும் தீர்ந்தது. வார்டு நிறைய நோயாளிகள். கூட வந்தவர்கள் வேறு.

தயாபரி ஒரு வெறும் சாக்கோடு வந்தார்.

"ஓடைவளவுக்குப் போய் சாமை கேட்டு வாங்கிட்டு வாங்க அண்ணன்."

"நானா?"

"மத்த பாதையெல்லாம் அடைஞ்சிருச்சு. அது ஒண்ணுதான் திறந்திருக்கு."

"அவங்களே இல்லாதவங்க. கொடுக்கப் போனவன் அவங்ககிட்டயே போய்க் கையேந்தறதா? எந்த முகத்தோட கேப்பேன்?"

தயாபரி சாக்கை உதறினார். மடித்து அவர் கையில் வைத்தார்.

*

ஓடைவளவின் முதல் வீடு தீர்த்தனுடையது. அதன் வாசலில் சற்குணம் சாக்கை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி நின்றார்.

"இன்னிக்கு என்ன மருந்து டாக்டரய்யா?" என்றான் தீர்த்தன்.

"மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில சோறு இல்லை. நோயாளிங்க பசியா இருக்காங்க. உங்ககிட்ட கேட்டுப் பார்க்கலாம்னு வந்தேன்."

தீர்த்தன் தன் மனைவியைப் பார்த்தான். நிறைமாத வயிற்றோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள் மாதி.

"நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லத்தான் நினைத்தார்.

"நேத்துலேர்ந்து இல்லை."

மாதி மெல்ல எழுந்தாள். ராகிக் களியும் கீரைக் குழம்பும் தட்டில் வந்தன. சற்குணம் மண்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தெருப்பிள்ளைகள் கதவோரம் கூடிவிட்டார்கள். அவர் களியை மென்றதைப் பார்த்து ஒரே சிரிப்பு.

"மெல்லக் கூடாதுங்க. கொழம்புல தொட்டு அப்படியே முழுங்கணும்" என்றான் தீர்த்தன். அவனும் சிரித்தான்.

விக்கியது. மாதி செம்பில் ஓடைத் தண்ணீர் நீட்டினாள். சற்குணம் ஒரு நொடி தயங்கினார். பிறகு அண்ணாந்து குடித்தார்.

சாக்கு வீடு வீடாகப் போய் நிறைந்தது. தீர்த்தனே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்தான்.

*

மழை விட்டு, பாதை இன்னும் திறக்காத ஒரு காலை. கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, ஓடைவளவு ஆட்கள் மாதியைத் தூக்கிவந்தார்கள். வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. ஒரு கை வெளியே வந்துவிட்டிருந்தது.

மின்சாரம் இல்லை. மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். தயாபரி மாதியின் முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டார். சற்குணம் வயிற்றைத் திறந்தார்.

பிள்ளை அழவில்லை. நீலம் பாரித்திருந்தது. தயாபரி அதை வாங்கிக்கொண்டு போய் மூச்சு கொடுத்தார். சற்குணம் தைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஜெபிக்கக்கூட வார்த்தை கிடைக்கவில்லை.

பிறகு ஒரு சின்னத் தும்மல். அதன் பின்னாலேயே அழுகை.

*

தீர்த்தன் வெளியே, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் தங்கும் கொட்டகையில் குந்தியிருந்தான்.

"பொம்பளப் பிள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார் சற்குணம்.

தீர்த்தன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். வெகுநேரம் எடுக்கவில்லை.

சற்குணம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சடச்சியைக் கூட்டிட்டு வரலியே தீர்த்தா. மாதியை மட்டும் எப்படித் துணிஞ்சு கொண்டு வந்தே?"

"அப்ப உங்கள யாருன்னு தெரியாதுங்க."

"மாசாமாசம் வந்தேனே. எவ்வளவு கொடுத்தேன்."

"குடுத்தீங்க." தீர்த்தன் தரையைப் பார்த்தான். "எங்க ஊர்ல யார் வூட்டுலயும் கை நனைக்கலியே, ஒரு வாய் தண்ணி குடிக்கலியே. நம்மளோட ஒட்டாதவங்க குடுக்கறத வாங்கலாம். அவங்கள நம்பி வூட்டுப் பொம்பளய விட முடியுங்களா?"



உள்ளே குழந்தை மறுபடி அழுதது. தீர்த்தன் எழுந்தான்.

"நாங்க என்னங்க குடுக்கணும்?"

ஒன்றும் வேண்டாம் என்ற வார்த்தை சற்குணத்தின் நாக்கு வரை வந்துவிட்டது. அதை விழுங்கினார். தலைக்குமேல் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் கொட்டகை ஒழுகுது" என்றார். "எங்களுக்கு வேயத் தெரியாது."

தீர்த்தன் அண்ணாந்து பார்த்தான். ஒரு மூங்கிலைப் பிடித்து ஆட்டினான்.

"புல்லு காயட்டும். ஊரையே கூட்டிட்டு வரேன். அன்னிக்குச் சோறு நீங்க போட்டுறணும்."