பூதக் கணவாய்ப் பலகை

முன்னொரு காலத்தில் கோரையாற்று நாட்டை வல்லபதேவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று நான் சொல்வது மரியாதைக்குத்தான். காலை முதல் விளக்கு வைக்கும்வரை அவன் செய்த ஒரே காரியம் படையாட்டம். சபைக்கு நடுவில் கதவு அகலத்துக்கு ஒரு பலகை, அதன்மேல் மர வீரர்கள், முறை வைத்து ஆளுக்கொரு தடவை நகர்த்துவது. நாடு பாட்டுக்கு நாடு, அவன் பாட்டுக்கு அவன்.

இது போதாதென்று சாமந்தராயர் என்ற பிரபு புதிதாக ஒரு பலகை செய்து கொண்டுவந்தார். வேறு யாராவது கெட்டிக்காரர் என்று பேர் வாங்கினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அவர் பலகை எப்படி இருக்கும்? அவருக்கு மூன்று கோட்டை, எதிராளிக்கு ஒன்று. நடுவே ஒரு கணவாய், அதில் ஐந்து பூதங்கள் தூங்கும். முதலில் கணவாயில் கால் வைப்பவனின் படையைப் பூதங்கள் எழுந்து தின்றுவிடும். வயிறு நிறைந்தால் பிறகு எழாது. படை மொத்தமும் போனவன் புது வீரனை இறக்க முடியாது. ஒரு முறைக்கு ஒரு கோட்டை ஒரு வீரனை இறக்கலாம். ஒவ்வொரு வீரனுக்கும் முறைக்கு ஒரு பிடி அரிசி. இரண்டு பக்கமும் செப்புக் குண்டானில் நிஜ அரிசியே இருந்தது, ஐம்பது ஐம்பது பிடி. அரிசி கிடைக்காத வீரன் பலகையை விட்டு இறங்கிவிட வேண்டும்.

ஆடியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தோற்றார்கள். 'அவருக்கு மூன்று மூன்றாகப் பெருகுகிறதே, தாமதித்தால் கெட்டோம்' என்று மூன்றாவது நான்காவது முறையிலேயே கணவாய்க்குள் ஓடினார்கள். பூதம் தின்றது. சாமந்தராயர் சாவகாசமாக நடந்துபோய்க் கோட்டையைப் பிடித்தார். தோற்றவனுக்குப் பாதி மீசையை மழிக்க வேண்டும் என்பது ராஜாவின் சட்டம். சேனாதிபதிக்குப் பாதி மீசை, புரோகிதருக்குப் பாதி மீசை. ராஜாவும் தோற்றான். அன்றிலிருந்து பட்டு உத்தரீயத்தால் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான்.

"இந்தப் பலகையை ஒருவர் ஜெயிக்கும்வரை வேறு வழக்கு எதையும் கேட்கமாட்டேன். ஜெயிப்பவர் கேட்டதைத் தருவேன்" என்று ஆணை வேறு போட்டான். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான்.

இந்த லட்சணத்தில்தான் மாடத்தி வந்து சேர்ந்தாள். இலுப்பைக்குளத்தின் மடைகளைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி அவள். மடையின் அடைப்புப் பலகை உளுத்துவிட்டது, கரையும் கசிகிறது. மழைக்குமுன் மூன்று ஊர் ஆட்களைக் கூட்டிக் கரையைக் கட்ட ராஜமுத்திரை வேண்டும். இல்லாவிட்டால் அவள் ஊர் தண்ணீரில் போகும். பதினோரு நாள் சபை ஓரத்தில் நின்றாள். பன்னிரண்டாம் நாள் வடகிழக்கில் வானம் கறுத்ததும் பொறுமை போய்விட்டது.

"மகாராஜா, நான் ஆடுறேன்."

சாமந்தராயர் சிரித்தார். "ஏ பெண்ணே, தோற்றால் மழிக்க உனக்கு மீசையே இல்லையே?"

"தோத்தா எங்க ஊரே இருக்காது ஐயா. மீசைக்கு எங்க போறது?"

ராஜா தலையசைத்தான். மாடத்தி ஒரு வீரனை இறக்கினாள். சாமந்தராயர் மூன்று பேரை இறக்கினார்.

"என் முறைய விட்டுட்டேன்" என்றாள் மாடத்தி.

சாமந்தராயர் இன்னும் மூன்று பேரை இறக்கினார்.

"விட்டுட்டேன்."

மறுபடி மூன்று. மறுபடி "விட்டுட்டேன்."

"ஆடத்தானே வந்தாய்? நகர்த்து" என்று ராஜாவுக்கே எரிச்சல் வந்தது.

"சும்மா இருக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கா மகாராஜா?"

இல்லை. ஐந்து முறை முடிந்தபோது சாமந்தராயரின் பக்கம் பதினைந்து வீரர்கள் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். ஆறாவது முறைக்கு இன்னும் மூன்று பேரை இறக்கிவிட்டு, அரிசி போடக் குண்டானுக்குள் கைவிட்டார். அடியில் ஐந்தே பிடி. எந்த ஆட்டமும் அதுவரை நான்காவது முறையைத் தாண்டாததால், குண்டானின் அடியைப் பலகை செய்தவரே பார்த்ததில்லை.

பதினெட்டு பேருக்கு ஐந்து பிடி. எதிரே மாடத்தியின் குண்டானில் நாற்பத்து நான்கு பிடி அப்படியே இருந்தது. சாமந்தராயருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அந்த அரிசியைப் பிடியுங்கடா" என்று மர வீரர்களிடமே கத்திவிட்டு, பூதங்களை மறந்து மொத்தப் படையையும் கணவாய்க்குள் தள்ளினார். பூதங்கள் எழுந்தன. பதினெட்டு பேரையும் தின்றுவிட்டுப் படுத்தன. மாடத்தியின் ஒற்றை வீரன் அவற்றைத் தாண்டி நடந்து, காலியாகக் கிடந்த மூன்று கோட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்தான்.

நாவிதர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார்.

"இந்த உபாயம் உனக்கு எப்படித் தோன்றியது அம்மா?" என்று கேட்டான் ராஜா.

"உபாயம் என்ன மகாராஜா. இவரு பலகையில கோட்டை இருக்கு, பூதம் இருக்கு, ஒரு வயல் இல்ல. பதினோரு நாளா உங்க சபையைப் பாத்துக்கிட்டு நின்னேன். வேளைக்கு இத்தன பேர் சாப்பிடுறாங்க, எழுந்து ஒரு வேலை பாக்க ஆளில்ல. குண்டான் எத்தன நாள் தாங்கும்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான்.

"இது ராஜா செய்ய வேண்டிய கடமை. ஜெயித்ததற்கு என்ன வேண்டும், கேள்."

"இந்தப் பலகையக் குடுங்க. மடைக்கு அடைப்பு வேணும். அளவு சரியா இருக்கு."

சாமந்தராயர் பாதி மீசையோடு அழாத குறையாக நின்றார். ராஜா எழுந்தான். "பாதி மீசைக்காரர்கள் எல்லோரும் நாளைக்கே இலுப்பைக்குளத்துக்கு மண் சுமக்கப் போக வேண்டும். வேலை செய்தவனுக்குத்தான் சோறு."

"எல்லாருமா மகாராஜா?" என்று மாடத்தி அந்தப் பட்டு உத்தரீயத்தைப் பார்த்தாள்.

ராஜா அதை வாயிலிருந்து எடுத்துச் சும்மாடாகச் சுருட்டினான். "எனக்கும் ஒரு கூடை எடுத்து வை."

ஏழாம் நாள் மழை பிடித்தது. கரை நின்றது. பலகையோடு ஐந்து பூதங்களும் மடைவாயில் தண்ணீரைத் தடுத்துக்கொண்டு கிடந்தன. அந்தப் பலகையால் நாட்டுக்கு ஆன முதல் நன்மை அதுதான். கோரையாற்று நாட்டில் மறுநாள் காலை வழக்குகள் கேட்கப்பட்டன.