ஒனுக்புக் கீரை கசந்த கதை

செடிக்கும் மானுக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், நைஜர் ஆற்றுக்குக் கிழக்கே ஓர் ஊரின் ஓரத்தில் ஒனுக்பு என்றொரு கீரைச்செடி இருந்தது. இன்றைக்கு நைஜீரியாவில் ஒனுக்பு என்றாலே கசப்புதான் நினைவுக்கு வரும். அன்றைக்கு அப்படியில்லை. இலையைப் பறித்து அப்படியே வாயில் போட்டு மெல்லலாம். அவ்வளவு இனிப்பு.

அந்த ஊரில் உலோமா என்ற பெண் இருந்தாள். அவள் கைச்சமையலுக்கு ஊரில் நல்ல பெயர். பெருவள்ளிக்கிழங்கை வேகவைத்து, உரலில் போட்டு இழைய இழைய இடித்து, களி போல உருட்டி வைப்பாள். அதைத் தொட்டுச் சாப்பிட, செம்பனை எண்ணெய் மிதக்கும் கருவாட்டுக் குழம்பு. குழம்பில் போடும் கீரைக்குத்தான் ஒனுக்புவிடம் வருவாள். வந்தால் கீழ்க்கிளை இலைகளை மட்டும் கிள்ளுவாள். கொழுந்தைத் தொட மாட்டாள்.

"கொழுந்தையும் எடுத்துக்கொள்ளேன்" என்று செடி சொன்னால், "அதை எடுத்துவிட்டால் நீ எப்படி வளர்வாய்?" என்பாள். ஒரு சுரைக்குடுவைத் தண்ணீரை வேரில் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவாள்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஓடை வறண்டது. புல் கருகிப்போனது. காட்டில் பச்சையாக மிஞ்சியது ஒனுக்பு மட்டும்தான். முயல் வந்தது, குரங்கு வந்தது, மான் வந்தது. கீழிலை தீர்ந்ததும் மேலிலை. மேலிலையும் தீர்ந்ததும் மான் கொழுந்தில் வாய் வைத்தது.

"கொழுந்தை மட்டும் விட்டுவிடு. அதுவும் போனால் நான் செத்துப்போவேன்" என்றது செடி.

"விட்டால் நான் செத்துப்போவேனே" என்றது மான். அது பொய் சொல்லவில்லை. அதன் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன. கொழுந்தைக் கடித்துக்கொண்டு போயிற்று.

மொட்டைக் குச்சியாக நின்ற ஒனுக்பு, நிலத்தாயை அழைத்தது. "தாயே, என் வேரில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. இனி துளிர்க்கும் இலையை யாரும் தின்ன முடியாதபடி செய்."

"கசப்பைத் தருகிறேன். ஆனால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். பிறகு யாருக்காகவாவது வருத்தப்பட்டு என்னிடம் வராதே" என்றாள் நிலத்தாய்.

"வர மாட்டேன்" என்றது செடி. உயிர் போகிற அவசரத்தில் அதற்கு உலோமாவின் நினைவு வரவில்லை.

அடுத்து விட்ட துளிரைக் கடித்த மான், துப்பிவிட்டு நாக்கை மண்ணில் தேய்த்தது. அதன்பின் எந்த விலங்கும் பக்கத்தில் வரவில்லை. மெல்ல மழையும் திரும்பியது. ஒனுக்பு கிளைவிட்டு அடர்ந்தது.

மொட்டையாக நிற்கும் செடியைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று உலோமா அத்தனை நாளும் அந்தப் பக்கம் போகவே இல்லை. இப்போது போகவேண்டி வந்தது. அவளுடைய நாத்தனார் அக்குனா தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு வந்து, ஆண்பிள்ளை பெற்றிருந்தாள். பஞ்சத்தில் தேய்ந்த உடம்பு. பால் சுரக்கவில்லை. பிள்ளையின் அழுகை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

"ஒரு வாய் சாப்பிடு, அம்மா" என்று உலோமா கிழங்கு உருண்டையை நீட்டினாள்.

"தனியாக இறங்கவில்லை, அண்ணி. உங்கள் கீரைக் குழம்பு இருந்தால் சாப்பிடுவேன்."

உலோமா கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். செடி தழைத்து நின்றதைப் பார்த்து அவளுக்கு மனசு குளிர்ந்தது. ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். போட்டதும் துப்பினாள்.

"உனக்கு என்ன ஆயிற்று?"

செடி நடந்ததையெல்லாம் சொன்னது. "உன்னை மறந்துவிட்டேன், உலோமா. அத்தனை பேரையும் தடுத்தபோது உன்னையும் தடுத்துவிட்டேன்."

உலோமா அதன் அடியில் உட்கார்ந்தாள். வீட்டில் அக்குனா குழம்புக்காகக் காத்திருந்தாள். ஆனால் செடிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

"நீ செய்ததில் தப்பில்லை. செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் பட்ட குச்சியைத்தானே பார்த்திருப்பேன். நீ இருக்கிறாயே, அதுவே எனக்குச் சந்தோஷம்."

செடி ஒரு கிளையை அவள் பக்கம் தாழ்த்தியது. பிறகு சொன்னது: "கசப்பை நான் திருப்பித் தர முடியாது. ஆனால் உன் கை அதை எடுக்கக் கூடாது என்று நிலத்தாய் சொல்லவில்லை. என் இலையைப் பறித்துக்கொண்டு போ. கசக்கு, பிழி, தண்ணீரில் அலசு."

"கசக்கினால் உனக்கு வலிக்குமே."

"வலிக்கும். மான் கடித்தபோதும் வலித்தது. அது கேட்காமல் எடுத்தது. இது நானாகக் கொடுப்பது."

உலோமா கூடை நிறையப் பறித்து ஓடைக்குக் கொண்டுபோனாள். துணி துவைப்பதுபோல இலையை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். பச்சை நுரை பொங்கி வந்தது. அலசினாள். வாயில் வைத்துப் பார்த்தாள். கசந்தது. மறுபடியும் தேய்த்தாள். விரல்கள் பச்சையாகி, தோள்கள் கடுத்துப்போயின. கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு துளிக் கசப்புதான் மிஞ்சியது. இன்னும் ஒருமுறை அலசினால் அதுவும் போய்விடும்.

அவள் நிறுத்திக்கொண்டாள். "இது இருக்கட்டும். இதனால்தானே நீ பிழைத்தாய்" என்று கையிலிருந்த கீரையிடம் சொன்னாள்.

சேப்பங்கிழங்கை மசித்துக் குழம்பைக் கெட்டியாக்கி, கருவாடும் பனை எண்ணெயும் சேர்த்து, கீரையைப் போட்டு இறக்கினாள். அக்குனா கிழங்கு உருண்டையைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கினாள்.

"லேசாகக் கசக்கிறதே, அண்ணி."

"விழுங்கின பிறகு?"

அக்குனா யோசித்தாள். "தொண்டையில் தித்திக்கிறது" என்றாள். சட்டியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். குழம்பு தீர்ந்ததும் விரல்களை நக்கினாள். மறுநாள் அவளுக்குப் பால் சுரந்தது. பிள்ளை வயிறு நிறையக் குடித்துவிட்டு மார்பிலேயே தூங்கியது.

இரண்டு பெண்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செடியிடம் போனார்கள். "உனக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று அக்குனா கேட்டாள்.

"இங்கே தனியாக நின்று பயந்தே என் காலம் போயிற்று. என் கிளையில் ஒன்றை ஒடித்து உங்கள் அடுப்படிக்குப் பின்னால் நடுங்கள். பேச்சுக்குரல் கேட்டுக்கொண்டு வளர்கிறேன்" என்றது ஒனுக்பு.

உலோமா ஒரு குச்சியை ஒடித்து நட்டாள். புகுந்த வீட்டுக்குத் திரும்பிய அக்குனா, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு போனாள். அவளிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரி ஒன்று வாங்கிக்கொண்டாள்.

அன்று தொடங்கிய வழக்கம்தான் இது: அந்த நாட்டுப் பெண்கள் ஒனுக்புவைச் சமையற்கட்டுக்குப் பின்னால் வளர்க்கிறார்கள், இலையைக் கசக்கிக் கசக்கிக் கழுவுகிறார்கள், ஆனாலும் அந்தச் செடியின் உயிரைக் காத்த கசப்பில் ஒரு துளியைக் குழம்பில் விட்டுவைக்கிறார்கள்.