ம் கொட்டின பாறை

ஒரு ஊர்ல ஒரு தவளைக்காரி இருந்தாளாம். பேரு பொற்கொடி. காலேஜ்ல தவளையப் பத்தியே படிச்சவ. மழை தூறினா போதும், மலையேறிடுவா. ஏண்டி சிரிக்கிறே? படுத்துக்கிட்டு ம் கொட்டு. கொட்டலேன்னா பெரியம்மா என்ன, செவுத்துக்கா கதை சொல்றது?

"ம்."

அந்த மலையில சுத்திச் சுத்திப் பாறை, நடுவுல சின்னதா ஒரு ஓடை. ஒருநாள் சாயங்காலம் அங்க "டொக்"குன்னு ஒரு சத்தம். எதிர்ல "டொக்". அப்பால "டொக், டொக்". தேடிப் பார்த்தா, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை! எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத தவளை. கண்ணுக்கு ஒண்ணுதான் ஆம்பிட்டுது, காதுக்கு எத்தனையோ கேட்டுது. தவளைய எண்ணுறவங்க காதாலதான் எண்ணுவாங்களாம். மத்ததெல்லாம் இடுக்குல இருக்குன்னு நினைச்சுக்கிட்டா. சந்தோஷத்துல அழுதே போயிட்டா.

ஏன்னா அந்த மலைய உடைச்சு ஜல்லியாக்க ஆள் வந்தாச்சு. வேற எங்கயும் இல்லாத உசுரு அங்க இருக்குன்னு காட்டினா மலை தப்பிச்சிரும். அப்போ அவ ஒரு ஆபீசரைப் போய்ப் பார்த்தா. போட்டோவைக் காட்டினா. "எல்லாத் தவளையும் இப்படித்தாம்மா இருக்கு"ன்னுட்டாரு.

அப்புறம் சத்தத்தைப் பதிஞ்சு கொண்டுபோனா. "டொக்குன்னு எங்க வீட்டுக் குழாய்கூடத்தான் சொட்டுது"ன்னு சிரிச்சாரு. முழிச்சிருக்கியா?

"ம்."

மூணாவது தரம் போனா. "புது உசுருன்னா உடம்பு வேணும், உங்க சயின்ஸ்லயே அதானே வழக்கம், கொண்டாங்க"ன்னாரு. வழக்கத்தைப் பாரேன்! உசுரோட இருக்குன்னு நம்பவைக்க, செத்ததைக் காட்டணுமாம்.

அவளும் மலையேறினா. இத்தனை இருக்கே, ஒண்ணுதானேன்னு உள்ளங்கையில பொத்திப் புடிச்சா. அது படபடன்னு துடிச்சுது. ஸ்பிரிட் பாட்டில்ல "டுபுக்"குன்னு போட்டா.

"ஐயோ!"

கத்தாதே, கேளு. பாட்டிலைப் பார்த்ததும் ஆபீசரு நம்பிட்டாரு. "மிச்சத்தையும் காட்டுங்க, மலைய விடச் சொல்றேன்"னு கூடவே ஜீப்புல வந்தாரு. சோன்னு மழை பேஞ்சு விட்டுது. நின்னாங்க, நின்னாங்க, ஒரு சத்தமும் இல்லை. அப்போ அவ தவளையக் கூப்பிடுறாப்ல நாக்கைத் தட்டி "டொக்"குன்னா. எதிர்ல "டொக்". அப்பால "டொக், டொக்".

"அட, இருக்கே!"ன்னாரு ஆபீசரு.

அவளுக்கு அப்பதான் புரிஞ்சுது. ஆமான்னு ஒரு பொய் சொல்லியிருந்தா மலை மிஞ்சியிருக்கும். தவளை விஷயத்துல பொய் சொல்ல அவளுக்கு வாய் வரலை. "அது பாறை சார், எதிரொலி. இருந்தது பாட்டில்ல இருக்கிற ஒண்ணுதான் சார்"னு சொல்லிட்டு அங்கேயே உக்காந்துட்டா.

அப்புறம் என்ன, டமார் டமார்னு வெடி. லாரி லாரியா ஜல்லி போச்சு. நம்ம மொட்டை மாடியில எந்த மலை கிடக்கோ, யாரு கண்டா.

"பெரியம்மா, அந்தத் தவளையும் பாறைய இன்னொரு தவளைன்னு நினைச்சுதா?"

ஆமாண்டி தங்கம். எத்தனை மழைக்கு ஒத்தையில கூப்பிட்டுதோ, பாறைதான் அதுக்கு ம் கொட்டிச்சு. இப்ப அதுவும் இல்லை. மனுஷங்களை நினைச்சா எனக்கு வயிறு எரியுது, போ.

கதையும் ஆச்சு, கண்ணை மூடு.

"ம்."

போதும்டி, இனிமே ம் கொட்டாதே. தூங்கு.