காற்றே அடிக்காத நாள்

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மதங்கராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம், மத்தியானம் ஒரு சட்டம். ஒருநாள் சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே, "காற்று, மழை பற்றிய வழக்கில் இனி படித்த நிபுணர் சொல்வதே சாட்சி. கண்ணால் கண்டவன் பேச்சு செல்லாது" என்று ஒன்று போட்டார். நாட்டிலிருந்த ஒரே நிபுணர் அரண்மனை ஜோசியர் அனந்தகீர்த்தி. அமைச்சர் திருவம்பலத்தைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும்.

இளவரசி கல்யாணத்துக்கு நாள் குறித்தவரும் அவரே. "அந்த வாரம் இலைகூட அசையாது" என்று அடித்துச் சொன்னார். கல்யாணத்துக்கு முதல்நாள் சூறைக்காற்று வந்து பந்தலைப் பிய்த்துப் போட்டது. மாப்பிள்ளையை அழைத்துவர வெளிநாடு போயிருந்த ராஜா, திரும்பியதும் வாசலில் மூங்கில் குவியலைப் பார்த்தார். பந்தல்கார மாடக்கண்ணுவை இழுத்துவரச் சொன்னார்.

"காற்று விழுத்தாட்டிடுச்சு, சாமி! ஊரே பார்த்துச்சு!"

"ஊர் சாட்சி செல்லாது. ஜோசியரே, காற்று அடித்ததா?"

அடித்தது என்றால் தான் குறித்த நாள் பொய்யாகிவிடுமே! ஜோசியர் தொண்டையைச் செருமினார். "இல்லை பிரபு. கட்டியது சரியில்லை, பந்தல் விழுந்தது. அது விழுந்த வேகத்தில் எழுந்ததுதான் காற்று. படிக்காத ஜனங்கள் மாற்றிச் சொல்கிறார்கள்."

அடேங்கப்பா, என்ன படிப்பு!

"அப்படியானால் இவன் வலது கையை வெட்டுங்கள்" என்றார் ராஜா. மாடக்கண்ணு மயங்கி விழாத குறை.

திருவம்பலம் எழுந்தார். "தீர்ப்பு சரிதான் பிரபு. கையோடு இன்னொரு வழக்கையும் முடித்துவிடலாம். ஜோசியருக்குத் தாங்கள் கொடுத்த வாழைத்தோப்பில் அதே நாள் ஒரு மரம் மிச்சமில்லாமல் சாய்ந்து கிடக்கிறது. காற்று இல்லை என்று நிபுணரே சொல்லிவிட்டார். யாரோ வேண்டுமென்றே சாய்த்திருக்க வேண்டும். காவலுக்கு இருந்தவன் ஜோசியரின் மச்சினன் கோதண்டம் ஒருவன்தான்."

"ராஜா கொடுத்த மரத்திலா கை வைத்தான்? அவனுக்கும் கையை எடு!"

சபை ஓரம் நின்ற கோதண்டம் அலறிக்கொண்டு ஓடிவந்தான். "ஐயையோ அத்தான்! காற்றில் வேட்டி பறந்துபோய், என் இடுப்பைக் கட்டிக்கிட்டு 'காப்பாத்துடா'ன்னு கத்தினது நீங்கதானே! வாயைத் திறங்க!"

"மகாராஜா, இவன் கண்டவன். இவன் பேச்சு செல்லாது" என்றார் திருவம்பலம் அமைதியாக. "நிபுணர் சொல்லட்டும்."

ஜோசியர் மச்சினனைப் பார்த்தார். வீட்டில் இருக்கும் மனைவியை நினைத்தார்.

"அடித்தது பிரபு... பலமான காற்றுதான்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் முதலில் சிரித்தார். ஒரு பொய்யை நம்பி ஒருவன் கையை எடுக்கப் பார்த்தோமே என்று உறைத்ததும் அவர் முகம் சுருங்கியது. மாடக்கண்ணுவை விடுவித்து, தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையையே அவனுக்குப் போர்த்தினார்.

"அமைச்சரே, உமக்கு என்ன வேண்டும்?"

"அந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள், போதும்."

"எடுத்தாயிற்று. ஜோசியரே, கல்யாணத்துக்குப் புதுநாள் குறியும். ஆனால் முகூர்த்தம் முடியும்வரை நீர் பந்தல் கூரைமேல்தான் உட்கார வேண்டும்."

ஜோசியர் ஓலைச்சுவடியைத் தொடவே இல்லை. நேரே மாடக்கண்ணுவிடம் போனார்.

"அண்ணே, காற்று எந்த மாசம் அடங்கும்? நீங்களே ஒரு நாள் சொல்லுங்கண்ணே."