கையைக் கடிக்காத கத்தி

கண்ணை மூடிக்கொண்டு, தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றத்தை வைத்தே வழி கண்டுபிடிக்கக்கூடிய ஓர் ஊர் ஒரு காலத்தில் இருந்தது. அந்த ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, கரீம் ராவுத்தரின் இரும்புக் கடையில், ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று மடக்குக் கத்திகள் குடியிருந்தன.

முதலாவதன் வயிற்றுக்குள் கத்தரிக்கோல், மூடி திறப்பான், திருப்புளி, பல் குத்தும் குச்சி எல்லாம் இருந்தன. அது தன்னைச் சகலகலாவல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் அதைப் பல்குச்சி என்றே கூப்பிட்டன. இரண்டாவது, மரப்பிடி போட்ட பழைய பாணிக் கத்தி. மூன்றாவது பூட்டுக்கத்தி. அதை விரித்தால் உள்ளே ஓர் இரும்புப் பட்டை 'டக்'கென்று வந்து அலகுக்கு முட்டுக் கொடுக்கும். கட்டைவிரலால் அந்தப் பட்டையை நகர்த்தினால் ஒழிய, எவ்வளவு அழுத்தினாலும் அலகு மடங்காது.

இதில் பூட்டுக்கத்திக்குப் பெருமை அதிகம். மரப்பிடியைப் பார்க்கும்போதெல்லாம், உன்னை நம்பி எவன் பைக்குள் வைத்துக்கொள்வான், வாங்கியவன் விரலையே கடிக்கிற ஜாதி நீ என்று சொல்லிக் காட்டும்.

மரப்பிடி கோபப்படாது. "நான் சும்மா கடிக்கிறதில்ல. ஒழுங்கா அறுக்கிறவன் கைக்கு ஒண்ணும் ஆகாது. முனையால குத்தி நெம்பினா மடங்குவேன். என்னைத் தப்பா பிடிக்கிறவனுக்கு அது தெரிய வேணாமா?"

"வாங்கினவனையே கேள்வி கேக்கிற கத்தி," என்று பல்குச்சி சிரித்தது. "இந்தப் பெட்டியிலயே கெடந்து துருப்பிடி."

ஒரு நாள் காலை இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் தோல் தொழிலாளர் சங்கத் தலைவர் அருளானந்து. வலது கை ஆள்காட்டி விரலில் கட்டு. பேனர் கயிற்றின் முடிச்சை நெம்பும்போது அவருடைய பழைய கத்தி மடங்கிக் கிழித்த காயம் அது. மற்றவர் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் சவரியம்மாள். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் மிதித்து மயிர் நீக்கும் குழி அது. அங்கே வேலை செய்கிற பெண்களின் கால்கள் வெந்து வெளுத்துப் போயிருக்கும். தலைவர் விரலில் கீறல் பட்டதற்குச் சங்கமே பதறியது. குழியில் கால் வேகிறதை யாரும் காயமென்று சொன்னதில்லை, அதற்கு வேலை என்று பெயர்.

தலைவருக்குத் தினமும் பையில் வைத்துக்கொள்ள ஒரு நல்ல கத்தி வாங்கித் தருவது என்று குழிப் பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். ராவுத்தர் மூன்றையும் எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். சவரியம்மாளே ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பல்குச்சியை, இது கல்யாண வீட்டுக்குப் போகிற கத்தி என்று ஒதுக்கினார். மரப்பிடியை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிடி அவருக்குப் பிடித்திருந்தது. முனையை மேஜை விளிம்பில் குத்திப் பார்த்தார். அலகு மடங்கியது. சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம் பாய். எங்க தோழர் கையக் கடிக்காத கத்தியாக் குடுங்க."

ராவுத்தர் பூட்டுக்கத்தியை நீட்டினார். "இது என்ன ஆனாலும் மடங்காதும்மா."

பூட்டுக்கத்தி மரப்பிடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெட்டியை விட்டுப் போனது.

அடுத்த வாரமே வேலைநிறுத்தம் தொடங்கியது. கோரிக்கை ஒன்றுதான். குழிப் பெண்களை ஒப்பந்தக்காரனிடம் தள்ளிவிடக் கூடாது, மற்றவர்களைப் போல அவர்களும் கம்பெனித் தொழிலாளர்களாகவே இருக்க வேண்டும். கம்பெனி வாசலுக்கு எதிரே, வேப்பமரத்தில் கயிறு கட்டித் தார்ப்பாய்ப் பந்தல் போட்டார்கள். அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தலின் முதல் முடிச்சை யார் போடுகிறாரோ, அவர்தான் அதை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கும்வரை போராட்டம் தொடர்கிறது என்று அர்த்தம். அதில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. போலீஸ்காரர்களுக்குக்கூட இது தெரியும். இந்த முறை முதல் முடிச்சைப் போட்டவர் சவரியம்மாள்.

பூட்டுக்கத்திக்கு அவை பொன்னான நாட்கள். சுவரொட்டிக் கட்டுகளைப் பிரித்தது. கொடிக்கயிறு அறுத்தது. பந்தலில் பிள்ளைகளுக்குக் கொய்யாப்பழம் நறுக்கியது. தலைவர் மேடையில் முழங்கும்போது அவர் சட்டைப் பைக்குள் இருந்தபடி, இந்த நெஞ்சுக்குப் பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று பூரித்தது.

ஒரு நாள் மாலை அது வெளியே எடுக்கப்பட்டபோது எதிரே வெள்ளைத் தட்டு இருந்தது. தட்டில் ஆப்பிள். முதலாளி வீட்டு வரவேற்பறை. கத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழத்தில் என்ன முதலாளி, தொழிலாளி என்று தன்னைத் தேற்றிக்கொண்டு நறுக்கியது. தோலுக்கு மெருகேற்றும் ஃபினிஷிங் பிரிவு ஆண்களுக்குச் சம்பள உயர்வு உண்டு, குழியை ஒப்பந்தக்காரனுக்கே விட்டுவிடலாம் என்று முதலாளி சொன்னது அதன் காதில் விழுந்தது. சரி என்று தலைவர் சொன்னதும் விழுந்தது. கத்தி அதையும் நம்பவில்லை. இது தந்திரம், எதிரியைப் பேசவிட்டுப் பார்க்கிறார் என்று சொல்லிக்கொண்டு, ஆப்பிள் ஈரம் காயாமலே பைக்குள் மடங்கிப் படுத்தது.

மறுநாள் உச்சிவெயிலில் தலைவர் பந்தலுக்கு வந்தார். வெற்றி என்றார். ஆண்கள் பக்கம் கைதட்டல் எழுந்தது. முடிச்சை அவிழ்க்கச் சொல்லிச் சவரியம்மாளைக் கூப்பிட்டார்.

அவர் எழுந்து வந்து மரத்தடியில் நின்றார். "குழிக்கு என்ன பேசியிருக்கீங்க தோழர்?"

அது அடுத்த கட்டம் என்றார் தலைவர். படிப்படியாகத்தான் போக முடியும், எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் இருப்பதும் போய்விடும் என்றார். மேடையில் பேசுகிற குரலிலேயே சொன்னார். கைதட்டியவர்களில் சிலர் கையைக் கீழே போட்டார்கள்.

"அப்ப இந்த முடிச்ச நான் அவுக்க மாட்டேன்," என்று சவரியம்மாள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் கயிற்றைப் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டார்.

'டக்.'

வெளிச்சத்துக்கு வந்த கத்தி முதலில் பார்த்தது சவரியம்மாளின் முகத்தை. அவரும் கத்தியைத்தான் பார்த்தார். தான் விரித்துப் பார்த்து வாங்கிய கத்தி. பந்தலில் இருந்த அத்தனை பேரும் அப்படியே உறைந்து போனார்கள். போலீஸ்காரன் அந்தக் கயிற்றைத் தொட்டிருந்தால் பாய்ந்திருப்பார்கள். இது தங்கள் சொந்தக் கை. சொந்தக் கையைத் தடுக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

தலைவர் முனையை முடிச்சுக்குள் குத்தி நெம்பினார்.

மடங்க வேண்டும் என்று கத்தி முதல் தடவையாக ஆசைப்பட்டது. உடம்பெல்லாம் சுருக்கிப் பின்னால் தள்ளிப் பார்த்தது. உள்ளே இருந்த பட்டை அசையவில்லை.

"விடு. ஒரே ஒரு தடவை விடு," என்று கத்தி கெஞ்சியது.

"எப்படி விடுறது? இந்தக் கையில காயம் படாமப் பாத்துக்கிறதுக்குத்தான என்னை வச்சாங்க?" என்றது பட்டை.

"அந்தக் கை என்ன செய்யுதுன்னு பாரு."

"கை என்ன செய்யுதுன்னு பாக்கிற வேலையை எனக்கு யாரும் குடுக்கல. உனக்கும் குடுக்கல. மடங்க மாட்டேன்னு பெருமையடிச்ச இல்ல? நில்லு."

கத்தி நின்றது. முடிச்சு இளகியது. தலைவர் அலகைத் திருப்பி ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்தார். கொய்யாப்பழத்தை அறுத்த அதே கூர்மை. தார்ப்பாய் சரிந்து, கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் மீதும் பிள்ளைகள் மீதும் விழுந்து மூடியது. அதற்கு அடியிலிருந்து ஒரு குழந்தை மட்டும் அழுதது. கம்பெனி வாசலின் இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

சவரியம்மாள் அறுந்த கயிற்றின் நுனியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் போட்ட முடிச்சு அதில் பாதி அப்படியே இருந்தது.

தலைவர் அலகை வேட்டியில் துடைத்தார். கட்டைவிரலால் பட்டையை நகர்த்தினார். கத்தி இப்போது எந்தத் தடையும் இல்லாமல் மடங்கிப் பைக்குள் போனது.

அவர் கையில் ஒரு கீறல்கூட இல்லை.