ராஜா ஊஞ்சலில் பத்தியம்

கொன்றைப்பட்டணத்து ராஜா சித்திரவேலர் எதைக் கேட்டாலும் உடனே சட்டம் போட்டுவிடுவார். யோசிப்பதெல்லாம் அப்புறம்தான்.

பட்டணத்தில் மேட்டுத்தெரு, பள்ளத்தெரு என்று இரண்டு தெரு. மேட்டுத்தெருவில் குளித்த தண்ணீர், மாடு கழுவிய தண்ணீர் எல்லாம் பள்ளத்தெருவில்தான் வந்து தேங்கும். அங்கே வீட்டுக்கு வீடு இருமல். அரண்மனை வைத்தியரின் லேகியத்துக்கு மேட்டுத்தெரு இருமல் மூன்றே நாளில் அடங்கும். பள்ளத்தெரு இருமல் மூன்று மாதமானாலும் அடங்காது.

லேகியத்தில் குறையில்லை, அந்தச் சனங்கள் பத்தியம் இருப்பதில்லை என்றார் வைத்தியர். வந்தது சட்டம். பத்தியத்தை முறித்தாலும் பத்துக் கசையடி, அடுத்தவர் பத்தியத்தை முறிக்கவைத்தாலும் பத்துக் கசையடி.

முதலில் மாட்டியவள் பள்ளத்தெருப் புட்டுக்காரி பேச்சிக்கனி. ராஜாவின் காலைப் புட்டும் அவள் அவிப்பதுதான். இருமி இருமி எலும்பும் தோலுமாக நின்றாள். பத்து அடி தாங்கமாட்டாள்.

சபையில் ராஜாவைச் சிரிக்கவைப்பது உலகப்பன் வேலை. அவன் எழுந்து, பத்தியம் என்னவென்று வைத்தியரைக் கேட்டான். ஈரத்தரை ஆகாது, புகை ஆகாது, நாற்றம் ஆகாது, வேலை ஆகாது, காற்றாடப் படுக்கணும், இருவேளை பசும்பால், நாற்பத்தெட்டு நாள் என்று வைத்தியர் பெருமையாக ஓலையிலேயே எழுதிக் கொடுத்தார்.

"இவளை விட்டுவிடுங்கள். நாளையிலிருந்து பள்ளத்தெருவில் ஒருத்தர் பத்தியம் தவறினாலும் என் முதுகில் அடியுங்கள் ராஜா," என்றான் உலகப்பன். ராஜாவும் சரியென்றார்.

மறுநாள் காலை ராஜா மேல்மாடிக்குப் போனால், அவர் ஊஞ்சலில் பேச்சிக்கனி படுத்திருக்கிறாள். சுற்றிலும் பள்ளத்தெருவே பாய் விரித்துக் கிடக்கிறது. ராஜாவின் பால்செம்பு கைமாறிக்கொண்டிருக்கிறது. காவலர்கள் ஒருவரையும் தடுக்கவில்லை. கசையடிக்கு அவர்களுக்கும் பயம்.

"இறங்கு," என்றார் ராஜா.

"இறங்கினா பத்தியம் போயிடும் சாமி. முறிக்கவச்சது யாருன்னு கேப்பாங்களே."

ராஜா உலகப்பனைப் பார்த்தார்.

"பட்டணம் பூராவும் தேடினேன் ராஜா. வைத்தியர் ஓலைக்குப் பொருந்துகிற இடம் இது ஒன்றுதான்."

"என் காலைப் புட்டு?"

"அவிக்கிறவள் ஊஞ்சலில் இருக்கிறாள். புகை ஆகாதாம்."

"நாற்பத்தெட்டு நாளுமா?"

"அதோடு குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார்கள். போனதும் இருமல் வரும். மறுபடி இங்கேதான்."

ராஜாவின் வயிறு கடமுடவென்றது. அங்கேயே அடுத்த சட்டம் போட்டார். சாக்கடையை ஊருக்கு வெளியே திருப்பணும், பள்ளத்தெரு வீடுகளுக்குத் தளமும் புகைபோக்கியும் வைக்கணும், இன்றைக்கே வெட்ட ஆரம்பிக்கணும்.

"எப்போதும் வெட்டுகிறவர்கள் எல்லாம் பத்தியத்தில் இருக்கிறார்களே," என்று இழுத்தான் உலகப்பன்.

ஆகவே மேட்டுத்தெரு இறங்கி வெட்டியது. முதல் மண்வெட்டி வைத்தியர் கையில். முழங்கால் சகதியில் மூன்று நாள் நின்றார். நான்காம் நாள் அவர் இருமுவது மேல்மாடிவரை கேட்டது.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. ஊஞ்சலை உலகப்பனுக்கே பரிசாகக் கொடுத்தார். அதில் படுத்திருந்த பேச்சிக்கனி தலையை மட்டும் தூக்கிக் கேட்டாள்.

"வைத்தியரய்யா பத்தியம் இருக்காரான்னு யாராச்சும் பாத்தீங்களா?"