சுத்தமான பெட்ரோல்

சுகந்தி மாஸ்டரிடம் மண்பாதையில் பந்தய வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் லூர்துராஜுக்குத்தான் வயது அதிகம். மாஸ்டரைவிடவே மூத்தவன். தம்பி ஆல்பர்ட்டுக்குத் துணையாக வந்தவன், பிறகு தானும் சேர்ந்துகொண்டான்.

போன பந்தயத்தில், வண்டிகள் தாவி இறங்கும் மேட்டில், நிவேதன் என்பவன் வேண்டுமென்றே வண்டியைக் குறுக்கே விட்டு ஆல்பர்ட்டைத் தள்ளினான். இடுப்பெலும்பு நொறுங்கியது. நடுவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, பந்தயம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஆல்பர்ட் இன்னும் கட்டிலைவிட்டு எழவில்லை.

இன்று பல்லடத்துக்குத் தெற்கே அடுத்த பந்தயம். நிவேதனும் ஓட்டுகிறான்.

காலையில் லூர்துராஜ் பந்தயத் திடலின் கொட்டகைக்குள் பெட்ரோல் கேனைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தான். அவர்களுடையவை டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற ஆயில்தான் உள்ளே போய் பிஸ்டன் உரசாமல் காக்கும். லிட்டருக்கு முப்பது மில்லி என்பது மாஸ்டரின் அளவு. அவன் அதில் பாதிகூட ஊற்றவில்லை.

மாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார்.

“ஆயில் குறையுதுங்கண்ணா.”

“தெரிஞ்சுதான் குறைச்சேன். ஆயில் ஜாஸ்தியானா வண்டி மந்தமாப் போகுது. எனக்கு இன்னைக்கு வேகம் வேணும்.”

“ஜெயிக்கவா?”

“அவனைப் புடிக்க.”

“புடிச்சு?”

அவன் கேன் மூடியை இறுக்கினான். புரி பிசகியது. கழற்றி, மறுபடி இறுக்கினான்.

“புடிச்சு என்ன பண்ணப் போறீங்க?”

“அதே மாதிரி மேட்டுல அவனைத் தள்ளப் போறேன்!” கொட்டகைத் தகரம் அதிரக் கத்தினான். “என் தம்பி ஒண்ணுக்குப் போகணும்னாக்கூட அம்மாவைக் கூப்பிடறான். அந்த நிவேதன் ஹெல்மெட்டுல புது ஸ்டிக்கர் ஒட்டிட்டுத் திரியறான். பொறுமையா ஓட்டுங்க, அளவாக் கலங்கன்னு இனி எங்கிட்டச் சொல்லாதீங்க மாஸ்டர். பொறுமையா ஓட்டுனவன்தான் படுத்துக் கிடக்கறான்.”

மாஸ்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆல்பர்ட் அவருக்கும் மாணவன்தான். அவரும் கத்தப் போகிறார் என்று லூர்துராஜ் நினைத்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

அவர் கத்தவில்லை. தன் வண்டியை வெளியே உருட்டினார். அவருக்குப் பட்டம் வாங்கித் தந்த வண்டி. மதியம் பெண்கள் பிரிவில் அதைத்தான் ஓட்டுவதாக இருந்தார். டேங்கிலும் கார்புரேட்டரிலும் இருந்ததை ஒரு சொட்டு விடாமல் வடித்தார். பங்க்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கேனைத் தூக்கி அப்படியே டேங்கில் ஊற்றினார்.

“மாஸ்டர், அதுல இன்னும் ஆயிலே கலக்கலைங்க!”

“தெரியும்.”

“துளிகூட இல்லைங்க!”

“நீங்க குறைச்சீங்க. நான் வேண்டாம்னே விட்டுட்டேன். பாருங்க.”

உதைத்தார். கிளம்பிவிட்டது. பயிற்சிக்குத் திறந்திருந்த பாதையில் இறங்கினார்.

முதல் சுற்றில் ஒன்றும் ஆகவில்லை. புகையே வரவில்லை. சத்தம் கத்தி மாதிரி இருந்தது. மேட்டில் தாவி, வளைவில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு பறந்தது. வேலியைப் பிடித்து நின்ற லூர்துராஜுக்கு மார்பு விம்மியது. நான் சொன்னது சரிதானே என்று பல்லைக் கடித்தான்.

அடுத்த சுற்றில், நீளமான நேர்பாதையில் மாஸ்டர் முழுக்க முறுக்கினார். இரும்பு அலறுவதுபோல் ஒரு சத்தம். பின்சக்கரம் சுற்றாமல் அப்படியே நின்று மண்ணைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் கிளட்சைப் பிடித்தும் வண்டி பக்கவாட்டில் திரும்பி அவரைத் தூக்கி எறிந்தது.

லூர்துராஜ் ஓடினான். அவன் போய்ச் சேருவதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தார். முழங்கை உரிந்து, ரத்தத்தில் செம்மண் ஒட்டியிருந்தது.

“உங்களுக்கென்ன பைத்தியமா?” என்றான். மாஸ்டரிடம் அவன் அப்படிப் பேசியதே இல்லை.

“தள்ளுங்க, போலாம்” என்றார்.

இருவரும் வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளி வந்தார்கள். சூடு தணிந்ததும் மாஸ்டர் இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கிடந்தது. மரக்கட்டையால் தட்டித் தட்டி எடுத்து அவன் கையில் கொடுத்தார். பக்கமெல்லாம் நகத்தால் பிறாண்டியது மாதிரி கோடுகள். சில இடங்களில் உலோகம் உருகி இழுபட்டிருந்தது.

“நல்ல வண்டி. நாசம் பண்ணிட்டீங்களே” என்றான். “மதியம் உங்க ரேஸுங்க.”

மாஸ்டர் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தார். வெளியே மைக்கில் வண்டிகளைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். நிவேதனின் பெயரையும் வாசித்தார்கள். அதைக் கேட்டதும் லூர்துராஜின் தாடை மறுபடி இறுகியது.

“அவன் பண்ணுனது தப்பில்லீங்களா?”

“தப்பு.”

“வேணும்னே பண்ணுனான்.”

“வேணும்னேதான் பண்ணுனான். நானும் பார்த்தேன்.”

“அப்புறம் என்னங்க? எனக்குக் கோபம் வந்தது நியாயமில்லையா? சொல்லுங்க மாஸ்டர். என் கோபத்துல என்ன குத்தம் கண்டீங்க?”

“ஒரு குத்தமும் இல்லீங்கண்ணா.”

அவன் கையிலிருந்த பிஸ்டனை அவர் பார்த்தார்.

“நான் ஊத்துன பெட்ரோல்லயும் ஒரு குத்தமும் இல்லை. சுத்தமான பெட்ரோல்.”